ஒரு பெட்டி, ஐந்து வளையங்கள்: தாமிரபரணிக் கரை ஸ்டுடியோக்களின் லென்ஸ் கணக்கு

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். ஏழரைக்குத் தாலி. ஏழேகாலுக்கு மேடையடியில் கிடந்த லைட் வயர் யார் காலிலோ சிக்கி, ஸ்டாண்டு சரிந்து அண்ணாச்சி தோளில் விழ, அவர் கையிலிருந்த கேமரா கல் தரையில் போய் விழுந்தது. லென்ஸ் தப்பித்துக்கொண்டது, முன்னால் மாட்டியிருந்த ஹூட் அடியை வாங்கிக்கொண்டதால். பாடிக்குள், அதாவது லென்ஸ் போக மீதிக் கேமராவுக்குள், பிம்பத்தைத் திருப்பும் கண்ணாடி மேலே மடங்கியது மடங்கியதுதான், இறங்கவில்லை.

எனக்குப் போன் வந்தது. "தம்பி, ஒரு பாடி இருந்தா எடுத்துட்டு சட்டுனு வா. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்."

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டினால் கல்லிடை. பைக்கில் போய்ச் சேர்ந்தபோது கெட்டிமேளம் முடிந்திருந்தது. அண்ணாச்சி பையில் நல்ல லென்ஸ்கள் இருந்தன, எல்லாம் நிக்கான் எஃப் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் பூட்டும் வளையத்தைத்தான் மவுண்ட் என்போம்). நான் கொண்டுபோனது கேனன் பாடி, அதன் வளையம் வேறு, அவர் லென்ஸ் அதில் மாட்டாது. அவசரத்தில் அவர் பாடி என்று மட்டும் கேட்டார், நானும் பாடியைத்தான் எடுத்தேன். நல்ல வேளையாக அதில் 18-55 கிட் லென்ஸ் மாட்டியிருந்தது. மீதிக் கல்யாணம் முழுக்க அதில்தான் ஓடியது. அந்த லென்ஸ் 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய துவாரம் பெரிது). அவர் பையில் சும்மா கிடந்த எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். அவர் 1600 ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வின் அளவு) வைத்து எடுக்கும் மண்டபத்தில் நாங்கள் 6400 வைத்தோம். முகங்களில் மணல் தூவியது போல் வந்தது.

தாலி கட்டிய நிமிடம் வீரவநல்லூர் அக்கா எடுத்த வீடியோவில் மட்டுமே இருக்கிறது. 1920க்கு 1080 அளவு வீடியோ, மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். அதை 12க்கு 36 இஞ்ச் ஆல்பம் விரிப்பில் முழுதாகப் போட்டால் ஓர் இஞ்சுக்கு 53 புள்ளி வரும். பிரிண்டுக்கு நாங்கள் 300 வைப்போம். ஆகவே அந்தப் பெண்ணின் தாலி முடிச்சு ஆல்பத்தில் உள்ளங்கை அளவுப் படமாக ஓர் ஓரத்தில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அண்ணாச்சியை அதிகம் வருத்தியது.

அந்த வாரமே நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசினோம். கல்லிடை அண்ணாச்சி, வீரவநல்லூர் அக்கா, சேரன்மகாதேவித் தம்பி, அம்பையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான். ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். தையிலும் ஆவணியிலும் ஒருவருக்கு இரண்டு ஆர்டர் வந்தால் இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது முன்பே உண்டு. லென்ஸையும் அப்படிப் பொதுவில் வைத்தால் என்ன? ஒரு பெட்டி, ஒரு நோட்டு, வேண்டியவர் எழுதிவிட்டு எடுத்துப்போகலாம். அதிலிருந்து மூன்று வருடம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோட்டில் ஏறிய முதல் கணக்கு

முதலில் யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதினோம். அண்ணாச்சியிடம் இரண்டு நிக்கான் பாடி, விழுந்ததற்குப் பதில் வாங்கிய பழைய பாடியையும் சேர்த்து. எஃப் மவுண்ட் லென்ஸ் நான்கு. என்னிடம் இரண்டு கேனன் பாடி, நான்கு லென்ஸ். அக்காவிடம் இரண்டு பானசோனிக் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பாடி, மூன்று லென்ஸ். தம்பியிடம் ஒரு சோனி ஃபுல் ஃபிரேம் பாடி (படம் பதியும் சென்சார் 36க்கு 24 மி.மீ.), இரண்டு லென்ஸ். கடைசியாக அண்ணாச்சி பீரோவைத் திறந்து, ஃபிலிம் காலத்தில் பென்டாக்ஸ் கே1000-இல் போட்டிருந்த இரண்டு கே மவுண்ட் லென்ஸ்களையும் எடுத்து வைத்தார். "இதையும் எழுதிக்கோ, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு."

ஆக டிஜிட்டல் பாடி 7, லென்ஸ் 15, மவுண்ட் 5. ஒவ்வொரு பாடியிலும் ஒவ்வொரு லென்ஸையும் மாட்டிப் பார்ப்பதென்றால் 105 ஜோடி. அதில் நேராகப் பூட்டி வேலை செய்வது 24. மற்ற 81 ஜோடியும் சேராது. இத்தனைக்கும் நான்கு ஸ்டுடியோவும் எடுப்பது ஒரே மாதிரிக் கல்யாணம், ஒரே மண்டபம், ஒரே வெளிச்சம்.

பெட்டி யோசனை அன்றே செத்துவிட்டது என்று நினைத்தேன். அடாப்டர், அதாவது ஒரு மவுண்ட் லென்ஸை வேறு மவுண்ட் பாடியில் மாட்ட நடுவில் வைக்கும் வளையம், போட்டுப் பார்ப்போம் என்றான் தம்பி.

கயிறும் கிணறும்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அடாப்டர் வாங்கி ஏமாறுபவர்களில் பாதிப் பேர் இதைத் தெரியாமல்தான் ஏமாறுகிறார்கள்.

லென்ஸ் பூட்டும் உலோக வளையத்துக்கும் உள்ளே இருக்கும் சென்சாருக்கும் ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. ஒவ்வொரு மவுண்டுக்கும் அது வேறு. நிக்கான் எஃப் 46.5 மி.மீ., பென்டாக்ஸ் கே 45.46, கேனன் இஎஃப் 44, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, சோனி ஈ 18. முதல் மூன்றிலும் தூரம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் நடுவில் கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டும் என்பதுதான். மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லை, தூரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

நீளக் கயிறு வைத்திருப்பவன் ஆழம் குறைந்த கிணற்றில் இறைக்கலாம், மீதியைக் கையில் சுருட்டிக்கொண்டால் போதும். குட்டைக் கயிற்றோடு ஆழக் கிணற்றுக்குப் போனால் வாளி தண்ணீரைத் தொடாது. லென்ஸும் அப்படித்தான். அதிகத் தூரத்துக்குச் செய்த லென்ஸைக் குறைந்த தூரப் பாடியில் ஒரு வெற்றுக் குழாய் வைத்து மாட்டலாம். மாறி மாட்டினால் தொலைவில் உள்ளது எதுவும் ஃபோகஸ் ஆகாது. நடுவில் இன்னொரு கண்ணாடிச் சில்லு வைத்துச் சரிக்கட்டலாம், ஆனால் படம் மங்கும்.

எங்கள் கணக்கில் 46.5 தான் பெரிய எண். அதனால் அண்ணாச்சியின் லென்ஸ் எங்கள் எல்லார் பாடியிலும் ஏறும், எங்கள் யாருடைய லென்ஸும் அண்ணாச்சியின் பாடியில் ஏறாது. அன்று மண்டபத்தில் அடாப்டர் வளையம் ஒன்று கையில் இருந்திருந்தால், 46.5-க்கும் 44-க்கும் உள்ள இரண்டரை மி.மீ. இடைவெளியில் அது உட்கார்ந்திருக்கும். அவர் 2.8 லென்ஸை என் பாடியில் பூட்டி, கையால் ஃபோகஸ் திருப்பி எடுத்திருப்பார். ஃபிலிமில் பழகிய கை அவருக்கு. இரண்டரை மி.மீ. என்பது ஒரு தோசையின் கனம்கூட இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அடாப்டர்கள் வந்தன. சோதனையில் சொன்னபடி கேட்டது எது என்று நினைக்கிறீர்கள்? பீரோவிலிருந்து வந்த பென்டாக்ஸ் 50. தம்பியின் சோனியில் வெற்றுக் குழாய் வைத்து மாட்டினோம். அதில் மின்தொடர்பு எதுவும் கிடையாது. துவாரத்தைத் திருக லென்ஸிலேயே வளையம், ஃபோகஸுக்கும் வளையம். பாடியிடம் அது எதையும் கேட்பதில்லை, ஆகவே எந்தப் பாடியோடும் அதற்குத் தகராறு இல்லை. என் கேனன் 70-200-ஐ விலை அதிகமான அடாப்டர் வைத்து அதே சோனியில் மாட்டினோம். பகலில் நன்றாக ஓடியது. மண்டப வெளிச்சத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் ஃபோகஸ் தேடி அலைந்தது. அதை நம்பி முகூர்த்தத்துக்குப் போக முடியாது.

அளவு ஒன்றாக இருக்க வேண்டுமா?

சென்சார் அளவையும் எல்லா நிறுவனமும் ஒன்றாக்கிவிட்டால் தொல்லை தீரும் என்று ஆரம்பத்தில் நான் வாதிட்டேன். ஒரு வருடத்தில் மனம் மாறினேன்.

வாதத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே 50 மி.மீ. லென்ஸ், தம்பியின் ஃபுல் ஃபிரேமில் 50 போலவே காட்டும். சென்சார் சிறிதாக ஆக, அண்ணாச்சியின் நிக்கானில் 75 போல், என் கேனனில் 80 போல், அக்காவின் பாடியில் 100 போல் நெருங்கித் தெரியும். கல்லிடை அக்ரகாரத்து வீடுகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். ரேழியில் நின்று கூடத்தில் இருக்கும் குடும்பத்தை எடுக்க தம்பி எட்டடி பின்னால் போனால் போதும், அதே லென்ஸோடு அக்கா பதினாறடி போக வேண்டும், அதற்குள் வாசல் வந்துவிடும். பெட்டியிலிருந்து லென்ஸ் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் தன் பாடிக்கு அது என்னவாக மாறும் என்று கணக்குப் போட வேண்டும். படத்தின் விகிதமும் வேறு. எங்கள் மூவருக்கும் 3க்கு 2, நான்குக்கு ஆறு பேப்பரில் அப்படியே உட்காரும். அக்காவுக்கு 4க்கு 3. அதே பேப்பரில் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குரூப் போட்டோவில் அது பின்வரிசை மாமாக்களின் தலை.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 36க்கு 24 மி.மீ. என்பது யாரும் டிஜிட்டலுக்காக யோசித்த அளவு அல்ல. 1925-இல் லைக்கா கேமரா சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டியபோது கிடைத்தது. அண்ணாச்சி பாடியிலும் என் பாடியிலும் உள்ள சிறிய சென்சாருக்கு வைத்த ஏபிஎஸ்-சி என்ற பெயர் 1996-இல் வந்த, சீக்கிரமே மறைந்த ஒரு ஃபிலிம் முறையின் மிச்சம். டிஜிட்டலுக்கென்றே உட்கார்ந்து திட்டமிட்ட பொது அளவு ஃபோர் தேர்ட்ஸ்தான். ஒலிம்பஸும் கோடாக்கும் சேர்ந்து வகுத்தது, 2003-இல் ஒலிம்பஸ் இ-1 வந்தது. 17.3க்கு 13 மி.மீ., மவுண்டும் பொது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கேனனும் நிக்கானும் வரவில்லை. அவர்கள் வாடிக்கையாளர் பீரோக்களில் 36க்கு 24-க்குச் செய்த லென்ஸ்கள் லட்சக்கணக்கில் கிடந்தன. பாடி ஐந்தாறு வருடத்தில் மாறும், லென்ஸ் இருபது முப்பது வருடம் இருக்கும். சிலிக்கான் சில்லு பெரிதாக ஆக ஒரு தட்டில் விளைவது குறையும், பழுதாவது கூடும், விலை ஏறும். அப்படியும் 2002-இல் கேனன் 1டிஎஸ், 2005-இல் 5டி, 2007-இல் நிக்கான் டி3 என்று சென்சார் வளர்ந்து பழைய ஃபிலிம் அளவுக்கே வந்து நின்றது. அதை இழுத்து வந்தது பீரோவில் கிடந்த லென்ஸ்தான்.

பெயர் வைப்பதில்தான் எனக்கு உண்மையான கோபம். ஒரு இஞ்ச் சென்சார் என்று விற்கிறார்கள். அது 13.2க்கு 8.8 மி.மீ., மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ. தாண்டாது. ஒரு இஞ்ச் என்பது 25.4. பழைய டி.வி. கேமராக்களின் கண்ணாடிக் குழாய்க்கு வெளிச்சுற்று விட்டம் சொல்லும் வழக்கம் அது, குழாய் போய் எத்தனையோ வருடமாகியும் எண் போகவில்லை. என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, அட்டையில் இஞ்ச் போட்டிருந்தால் மி.மீ. எவ்வளவு என்று கேள். அளவை ஒன்றாக்க வேண்டாம், அளவைச் சொல்லும் முறையையாவது ஒன்றாக்கலாம். மீன்காரர்கூட கிலோவில்தான் சொல்கிறார்.

என் மனம் மாறியது கூந்தன்குளத்தில். நாங்குநேரிப் பக்கம் அந்த ஊர் மரங்களில், வீட்டுக் கூரைகளுக்கு மேலேயே, கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டும். குளத்துக்குள் வரித்தலை வாத்துக் கூட்டம் எட்டி நிற்கும். அக்கா தன் சின்ன சென்சாரில் 100-300 லென்ஸ் போட்டிருந்தார், 600 போலக் காட்டியது. அந்த லென்ஸின் எடை 520 கிராம். ஃபுல் ஃபிரேமில் 600 எஃப் 4 லென்ஸ் ஒன்றைத் தூக்கினால் மூன்று கிலோ, விலையில் ஒரு கார். அது வெளிச்சம் அதிகம் வாங்கும், உண்மைதான். ஆனால் காலை ஏழு மணி வெயிலில் கரையோரம் நடக்கும் அக்காவுக்கு அது தேவையே இல்லை. நான் என் 200-ஐ வைத்துக்கொண்டு வாத்துகளைப் புள்ளிகளாக எடுத்தேன். இருட்டு மண்டபத்துக்குப் பெரிய சென்சார், குளத்துக்குச் சின்னது. இரண்டையும் ஒன்றாக்கினால் யாரோ ஒருவர் தோற்பார்.

ஊசிகள் பேசும் மொழி

அளவு பிரச்சினை இல்லை என்றால் எது? வளையமா? அதையும் அளந்து பார்த்துவிட்டோம், உலோகத்துக்கு வழி இருக்கிறது. பூட்டு இருப்பது வளையத்தின் உள்பக்கம் வரிசையாக நிற்கும் தங்கநிற ஊசிகளில்.

1987-இல் கேனன் இஎஃப் வந்தபோது பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே இருந்த நெம்புகோல்களை எல்லாம் எடுத்துவிட்டு முழுக்க மின்சாரத்தில் பேச வைத்தார்கள். நல்ல முடிவு, இன்று எல்லாரும் அந்த வழியில்தான் போகிறார்கள். துவாரத்தை எவ்வளவு மூட, மோட்டாரை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப, இப்போது எத்தனை மி.மீ. ஜூமில் இருக்கிறேன், என் ஓரங்கள் எவ்வளவு வளையும், அதைப் பாடி எப்படி நிமிர்த்த வேண்டும் என்று நொடிக்குப் பலமுறை பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சின் இலக்கணம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, பெரும்பாலும் வெளியே தருவதில்லை. வெளி நிறுவனங்கள் ஒட்டுக்கேட்டுத்தான் லென்ஸ் செய்ய வேண்டும். பாடிக்குப் புது மென்பொருள் வந்தால் சில சமயம் அந்த லென்ஸ் வாயடைத்து நிற்கும். என் 70-200 சோனியில் அலைந்ததற்கும் காரணம் இதுதான், நடுவில் அடாப்டர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது.

2018-ஐப் பாருங்கள். ஆகஸ்டில் நிக்கான் இசட், செப்டம்பர் தொடக்கத்தில் கேனன் ஆர்எஃப், அதே மாதக் கடைசியில் லைக்காவும் பானசோனிக்கும் சிக்மாவும் சேர்ந்த எல் மவுண்ட் கூட்டணி. ஐந்து வாரத்துக்குள் மூன்று. ஏற்கெனவே 2010 முதல் சோனி ஈ இருந்தது. தூரம் நிக்கானுக்கு 16, சோனிக்கு 18, கேனனுக்கும் எல்லுக்கும் 20. நான்கு மி.மீ.க்குள் நான்கு மவுண்ட். எல்லாம் அதே 36க்கு 24 சென்சாருக்கு. கேனன் ஆர்எஃப்புக்கும் எல்லுக்கும் தூரம் சரிசமம் என்பதால் ஒன்றின் லென்ஸை மற்றதில் மாட்ட ஒரு காகிதம் நுழையக்கூட இடம் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ரயில் போதும். முன்பு எங்கள் பாதை மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலம். நெல்லை ஜங்ஷனில் பக்கத்துத் தண்டவாளம் பிராட் கேஜ், 1676 மி.மீ. அதில் வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்கி மாறித்தான் அம்பைக்கும் தென்காசிக்கும் வர வேண்டும். அகலப்படுத்தும்போது வருடக்கணக்கில் ரயிலே இல்லாமல் பஸ்ஸில் இடிபட்டோம். அந்தக் கஷ்டத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. கேமராவில் யாரும் தேதி குறிக்கவில்லை.

எல்லாரும் ஒரே மாதிரி இறுக்கிப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011-இல் சோனி ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களைக் கட்டணம் இல்லாமல் லென்ஸ் செய்பவர்களுக்குத் திறந்துவிட்டது. சிக்மாவும் டாம்ரானும் அதில் இவ்வளவு லென்ஸ் தருவதற்கு அது ஒரு காரணம். ஆர்எஃப்பில் ஏபிஎஸ்-சிக்கான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை அனுமதி பெற்றுச் செய்வதாக அவ்விருவரும் அறிவித்தது 2024-இல்தான். 2021-இல் ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலை வேறு கைக்கு மாற்றியது. அக்கா வைத்திருக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட் அவர்கள் மட்டுமே வைத்திருந்ததாக இருந்தால் அக்காவின் லென்ஸ்கள் அன்றே அநாதை. பானசோனிக்கும் அதே மவுண்டில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. தனியாக நின்ற நிக்கான் 1 மவுண்ட் 2011-இல் வந்து 2018-இல் முடிந்துபோனது. பொதுவில் வைத்த மவுண்ட் தன்னைப் பெற்றவர் போன பிறகும் இருக்கிறது. இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம்.

என்ன செய்யலாம் என்பதற்கு மாதிரி கேமராவின் தலையிலேயே இருக்கிறது. ஃபிளாஷ் மாட்டும் ஷூவைச் சொல்கிறேன். அதன் அளவும் நடு ஊசியும் உலகப் பொது. அண்ணாச்சியின் பழைய ஃபிளாஷை எங்கள் நால்வர் கேமராவிலும் மாட்டிப் பார்த்தோம், நான்கிலும் அடித்தது. சுற்றியுள்ள மற்ற ஊசிகள் அவரவர் தனி வித்தை, அவற்றில் யாரும் தலையிடவில்லை. லென்ஸுக்கும் இப்படி ஒரு குறைந்தபட்சப் பொதுப் பேச்சு போதும். துவாரம், ஃபோகஸ், எத்தனை மி.மீ. என்ற மூன்று மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், வேகமும் மற்ற நுணுக்கமும் அவரவர் வைத்துக்கொள்ளட்டும். அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பொதுவா இருக்கதையும் காவல் காக்கணும்ல தம்பி." சரிதான். 2019-இல் வந்த கேனன் 200டி மார்க் 2-இல் அந்த நடு ஊசியே இல்லை. அண்ணாச்சியின் ஃபிளாஷ் அதில் அடிக்காது. டிரைபாடு திருகு கால் இஞ்சாக நிலைத்துவிட்டது, எஸ்டி கார்டு ஓரளவு நிலைத்துவிட்டது. ஃபிளாஷ் ஷூ நிலைத்தது என்று நினைத்திருந்தோம்.

சீட்டு

ஆக, நிறுவனங்கள் ஒன்றுசேரும்வரை காத்திருக்க முடியாது, நாங்கள் நான்கு பேராவது ஒன்றாவோம் என்று முடிவு செய்தோம். தம்பியிடம் இருந்த சோனி ஈ மவுண்டைத் தேர்ந்தோம். மற்றவை மட்டம் என்பதால் அல்ல. வெளி நிறுவன லென்ஸ் நிறையக் கிடைத்தது, ஏபிஎஸ்-சிக்கும் ஃபுல் ஃபிரேமுக்கும் ஒரே வளையம், பழைய லென்ஸ்கள் குழாய் வைத்தால் ஏறும். வேறு ஊரில் நான்கு பேர் கூடினால் வேறு மவுண்ட் சரியாக வரலாம்.

பணத்துக்கு மாதச் சீட்டு. நால்வரும் கட்டுவோம், முறைக்கு ஒருவர் எடுத்து பெட்டிக்கு ஒரு பொருள் வாங்க வேண்டும். தனக்குப் பாடி வாங்குவது அவரவர் பாடு, பெட்டியில் லென்ஸ்தான். நான் ஒரு கேனன் பாடியையும் இரண்டு லென்ஸையும் விற்றேன். மனசு கேட்கவில்லை, என் முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது அது. அக்கா தன் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை விற்க மறுத்துவிட்டார். கூந்தன்குளத்துக்குப் பிறகு நானும் வற்புறுத்தவில்லை. வீடியோவுக்கு மட்டும் ஒரு ஈ மவுண்ட் பாடி சேர்த்துக்கொண்டார்.

டாம்ரானில் 17-28, 28-75, 70-180 என்று மூன்று எஃப் 2.8 லென்ஸ் வாங்கினோம். மூன்றுக்கும் முன்வாய் 67 மி.மீ. ஒரே ஃபில்டர் மூன்றிலும் ஏறும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் முன்பு என் பையில் மட்டும் 49, 58, 67 என்று மூன்று அளவில் ஃபில்டர் கிடந்தது.

நாங்கள் எதிர்பார்க்காத லாபம் எடிட்டிங்கில் வந்தது. முன்பு ஒரு கல்யாணத்தை இருவர் பிரித்து எடுத்தால் பொண்ணின் முகம் ஒருவர் படத்தில் மஞ்சளாகவும் மற்றவர் படத்தில் ரோஜாவாகவும் இருக்கும். பின்னணி ஒருவருக்குக் கரைந்திருக்கும், ஒருவருக்குத் தெளிவாக நிற்கும். இரண்டையும் ஒரே விரிப்பில் வைத்தால் இரண்டு கல்யாணம் போலத் தெரியும். அதைச் சமன்செய்ய ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அந்த வேலை பாதிக்கும் கீழே.

நஷ்டமும் உண்டு. தை மாதத்தில் நான்கு பேருக்கும் ஒரே நாளில் முகூர்த்தம் வந்தால் 70-180-க்குச் சண்டைதான். யார் முதலில் நோட்டில் எழுதினாரோ அவருக்கு என்று வைத்தோம். தம்பி தை பிறக்குமுன்பே மாதம் முழுக்கத் தன் பெயரை எழுதிவைத்தான். இப்போது மூன்று நாளுக்கு மேல் முன்பதிவு கிடையாது. ஒருமுறை பின்மூடி இல்லாமல் லென்ஸ் திரும்பி வந்து உள்ளே தூசி ஏறியது. யார் என்று யாரும் சொல்லவில்லை, நால்வரும் பங்கு போட்டுச் சுத்தம் செய்தோம்.

ஆனித் தேர்

பெட்டிக்குப் பெரிய சோதனை நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம். நான்கு ரத வீதிக்கும் ஒவ்வொருவராகப் பிரிந்து நின்றோம். தேர் திரும்பும் முனையில் கூட்டத்துக்குள் நின்றால் ஓரடி நகர முடியாது, பையைத் திறக்க முடியாது. மாட்டியிருக்கும் லென்ஸ்தான் அன்றைய லென்ஸ். வடம் பிடிக்கும் கைகளை எடுக்க நான் அகல லென்ஸ் வைத்திருந்தேன். தேர் என் வீதியைத் தாண்டியதும் சந்து வழியாக ஓடிப்போய் தம்பியிடம் 70-180-ஐ வாங்கிக்கொண்டு அகலத்தை அவனிடம் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. ஐந்து வளையக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணாச்சிக்கு பேட்டரி தீர்ந்தது. எங்கள் பாடிகள் எல்லாம் ஒரே பேட்டரி எடுப்பவை. அக்கா தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு போலீஸ்காரர் கையில் கொடுத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணாச்சிக்கு அனுப்பினார். நாங்கள் லென்ஸுக்காகச் சேர்ந்தோம், பேட்டரியைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை.

அந்த நாளில் எனக்கு மிகப் பிடித்த படம் அண்ணாச்சி எடுத்தது. தேர்ச் சக்கரத்தடியில் தடி போடுகிறவரின் முகம். வியர்வை ஒவ்வொரு துளியாகத் தெரிகிறது. என்ன லென்ஸ் என்று நோட்டைப் பார்த்தேன். அன்றைய தேதியில் அவர் பெயருக்கு எதிரே பென்டாக்ஸ் 50, குழாய் ஒன்று என்று எழுதியிருந்தது.

அடுத்த சீட்டு ஆவணியில், அக்காவின் முறை. 85 வாங்கலாம் என்று நாங்கள் மூவரும் சொல்கிறோம். பெட்டியில் கே மவுண்ட் குழாய் ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் இரண்டு வாங்கினால் அண்ணாச்சி பீரோவில் மிச்சம் இருப்பதும் வெளியே வரும் என்கிறார் அக்கா.